வளையாதவர் கீதம்

மரியாதை என்ற பண்பு முதலில் எந்த நாட்டில் தோன்றியது என்று படித்தவர்கள் இன்னும் தர்க்கப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது முல்லைத்தீவுக் கரையோரமாக வந்து சம்மனசுபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியிருந்தால் தர்க்கம் அன்றைக்கே முடிந்திருக்கும். எங்கள் ஊரில் ஒருவரை மதிப்பதென்று தீர்மானித்துவிட்டால் அவர் செத்த பிறகும் விடமாட்டோம். உயிரோடிருக்கும்போது விடுவோமா?

அவ்வாறு மதிக்கப்பட்டவர்களில் முதலாமிடம் திருவாளர் யாக்கோப்பு செபமாலை அவர்களுக்கு உரியது. கரைவலை வைத்துத் தொழில் செய்த சம்மாட்டியார். இப்போது வலையைத் தம்பியின் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு, கோயில் பங்குச் சபைத் தலைவராகவும், சேமக்காலை என்னும் கல்லறைத் தோட்டத்துப் பராமரிப்புக் குழுவின் "ஆயுட்காலப் போஷகராகவும்" சேவையாற்றி வருபவர்.

சில குடும்பங்களுக்கு மானம் காணியில் இருக்கும். சில குடும்பங்களுக்கு நகையில். யாக்கோப்பர் குடும்பத்துக்கு அது முதுகில் இருந்தது. தகப்பன் யாக்கோப்பர் எவருக்கும் முதுகு வளைத்ததில்லை, மகனும் வளைத்ததில்லை. இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலத்தில், தண்ணீர் வரிசையில் எல்லோரும் குனிந்து வாளியைத் தூக்கியபோது, செபமாலையர் முழங்கால்களை மட்டும் மடித்து, கொடிமரம் ஒன்று நிலத்துக்குள் இறங்குவதுபோல நேராக இறங்கி, நேராக எழும்பினார். கோயிலில் செபமாலை மணிகள் கைதவறி விழுந்தால் பக்கத்திலிருப்பவரைப் பார்ப்பார். பக்கத்திலிருப்பவர் எடுத்துக் கொடுப்பார். பிள்ளைகள் முழந்தாளிட்டு ஆசீர்வாதம் கேட்டால், அவர்களுடைய தலைக்கு மேல் ஒரு முழ உயரத்தில், காற்றில் சிலுவை வரைவார். சிலுவை தானாக இறங்கிப் பிள்ளையைச் சேரும் என்பது குடும்ப நம்பிக்கை.

இசை விடயத்திலும் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. பாட்டுக் கேட்டுத் தலையாட்டக் கூடாது. கை தட்டக் கூடாது. கலியாண வீடுகளில் கேக் வெட்டியதும் எழுந்து குடையை எடுத்துக்கொள்வார். அவருடைய குடை வாசல் படலையைத் தாண்டிய பிறகுதான் பைலாப் பாட்டும் ஆட்டமும் தொடங்கும். அவர் இருக்கும்போது தொடங்கிய துணிச்சல்காரர் எவரும் எங்கள் ஊரில் பிறக்கவில்லை.

இப்படிப்பட்ட மனிதர் ஒரு பாண்ட் வாத்தியக் குழுவின் பரம ரசிகராக மாறிய வரலாறு பின்வருமாறு.

அவருக்கு மரியதாஸ் என்றொரு எதிரி இருந்தார். மீளக்குடியேறிய வருடத்தில், கரையில் எந்தத் துண்டில் யார் வலை இழுப்பது என்ற தகராறில் இருவருக்கும் கதை நின்றுபோயிற்று. அன்றிலிருந்து ஒரே கோயிலில் இருந்து ஒரே கடவுளோடு கதைத்தார்கள், ஒருவரோடொருவர் கதைக்கவில்லை. ஒரு பங்குனி மாதத்தில் மரியதாஸ் நெஞ்சு நோவென்று சொல்லிப் படுத்து, எழும்பவில்லை.

எதிரியின் செத்தவீட்டுக்குப் போகாமல் விட்டால் ஊர் அதைப் பயம் என்று சொல்லும். போய் முன்வரிசைக் கதிரையில் இருந்தால் பெருந்தன்மை என்று சொல்லும். செபமாலையர் முன்வரிசையில் இருந்தார்.

அன்றைக்குப் பிரேத ஊர்வலத்துக்கு வந்தவர்கள் "கடல் ராசாக்கள் பாண்ட் வாத்தியக் குழுவினர்". சிவப்புக் கோட்டு, தங்கச் சரிகை, தலையில் இறகு வைத்த தொப்பி, காலில் ரப்பர் செருப்பு. இடுப்புக்கு மேலே மட்டும் ராசாக்கள். கோயிலடியிலிருந்து வழமையான ஞானப் பாட்டுகளை வாசித்துக்கொண்டு வந்தவர்கள், கடற்கரை வீதிக்குத் திரும்பும் மூலையில் நின்றார்கள். மெலிந்த பெடியன் ஒருவன் ட்றம்பெற்றோடு முன்னுக்கு வந்தான். செத்தவரின் தங்கை மகன், பெயர் ஜெனோசன். "மாமாவின்ர கடைசி ஆசை" என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவன் ஊதத் தொடங்கினான்.

அது மிக மெதுவான ஒரு மெட்டு. மூன்று படி ஏறும். ஒரு படி இறங்கும். மறுபடி ஏறி உச்சியில் போய் நிற்கும். பாரமான எதையோ நெடுந்தூரம் சுமந்துவந்த மனிதன் அதை மணலில் இறக்கிவைப்பதுபோல ஒரு மூச்சு விடும். அந்த மூச்சு விடும் இடத்தில் செபமாலையருடைய வலது சப்பாத்துக்குள் ஏதோ அசைந்தது. பூச்சியென்று நினைத்தார். அது அவருடைய பெருவிரல்.

குடும்ப மானம் உச்சந்தலையிலிருந்து கணுக்கால் வரைக்கும் காவல் வைத்திருந்தது. சப்பாத்துக்குள் ஆள் போட யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

பெருவிரல் ஆடியது. பிறகு நெஞ்சு இளகியது. பிறகு, சம்மனசுபுரம் சரித்திரத்தில் முதன்முறையாக, யாக்கோப்பர் குடும்பத்து ஆண் ஒருவரின் கண்ணிலிருந்து பொது இடத்தில் நீர் வந்தது. அவர் கைக்குட்டையை எடுத்தார். சுற்றியிருந்தவர்களும் கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். சிலருடைய தோள்கள் குலுங்கின. ஊர் இவ்வளவு துக்கப்படும் அளவுக்கு மரியதாஸ் நல்லவனாக இருந்தானா என்று செபமாலையருக்கே வியப்பாக இருந்தது.

அடுத்த ஞாயிறு பாதர் பிரசங்கத்தில் சொன்னார்: "தன்னை நிந்தித்தவனுக்காகக் கண்ணீர் விட்ட ஒரு மனிதரை இந்தக் கிழமை கண்டோம்." எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். செபமாலையர் அடக்கத்தோடு நிமிர்ந்து இருந்தார். வலைத் தகராறை நிந்தனை என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் பாதர்மார் அப்படித்தான் கதைப்பார்கள். தான் அழுதது மரியதாசுக்காக அல்ல, ட்றம்பெற்றுக்காக என்று சொல்லிப் பாதரைப் பொய்யராக்க அவர் விரும்பவில்லை.

அன்றிலிருந்து அவர் செத்தவீடுகளுக்குப் போகத் தொடங்கினார்.

செத்தவர்களுக்கு இத்தனை மரியாதை செய்த மனிதரை வன்னிப் பெருநிலப்பரப்பு கண்டதில்லை. தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேதம் பார்க்கவில்லை. ஒரே ஒரு பேதம்தான் பார்த்தார். அதை முதலில் கண்டுபிடித்தவர் மனைவி பிலோமினா.

"இஞ்சருங்கோ, கிளாக்கர் வீட்டு அம்மா மோசம் போயிற்றாவாம்."

"ஐயோ பாவம். தங்கமான மனுசி. பாண்ட் ஆர்?"

"பாண்ட் இல்லையாம். சத்தமில்லாமல் அடக்கம் செய்யப்போயினமாம்."

"எனக்குக் காலமையிலயிருந்து முழங்கால் நோகுது."

"விளங்குது" என்றார் பிலோமினா.

ஒருமுறை பூநகரிப் பக்கம் ஒரு செத்தவீட்டுக்குப் போனார். மாறி மாறி பஸ் ஏறி, நிழலே இல்லாத வீதியில் குடையோடு நடந்து, யாருமே தெரியாத வீட்டில் முன்வரிசைக் கதிரையில் இருந்தார். செத்தவரின் மகன் வந்து பணிவோடு கேட்டான்.

"ஐயா, நீங்கள் அப்பாவுக்கு என்ன முறை?"

"தூரத்துச் சொந்தம்."

"எந்தப் பக்கத்தால ஐயா?"

"கடல் பக்கத்தால."

மகன் யோசித்தான். பூநகரியில் எல்லாப் பக்கத்தாலும் கடல்தான். தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னான்.

ரசிகர் என்றால் இந்தக் காலத்தில் முகநூல் இல்லாமல் முடியாது. முன்பள்ளி ஆசிரியையான மகள் பிறின்சி அவருக்குப் போன் வாங்கிக்கொடுத்து, மரண அறிவித்தல்கள் பார்க்கும் வழியைக் காட்டினாள். கடல் ராசாக்களுக்கும் அங்கே ஒரு பக்கம் இருப்பதை அவர் தானாகவே கண்டுபிடித்தார். சம்மாட்டியார் ஒருவர் தன் பெயரில் போய் பாண்ட்காரருக்கு "லைக்" போடுவது குடும்ப மானத்துக்கு ஏற்றதல்ல. ஆகவே "லில்லி மலர்" என்ற பெயரில் ஒரு கணக்குத் திறந்தார். படத்துக்கு, பீடத்தில் வைத்திருந்த பூவைப் பிடித்துப் போட்டார். அதன் பிறகு குழுவின் ஒவ்வொரு காணொளிக்கும் கீழே லில்லி மலரின் விமர்சனம் வந்தது.

"அருமை. எனினும் இரண்டாவது திருப்பத்தில் ட்றம்பெற் மூச்சு வாங்குகிறது. கவனிக்கவும்."

"நன்றி அக்கா" என்று குழுவினர் பதில் எழுதினார்கள். "நீங்கள் எந்த நாடு அக்கா?"

"இந்த நாடு" என்று லில்லி மலர் கண்ணியமாக எழுதினார்.

இந்த நிலையில்தான் பங்குச் சபையின் விசேட கூட்டம் நடந்தது. சமுதாயச் சீர்கேடு பற்றிய கூட்டம். கோயில் திருநாளிலும் கலியாண வீடுகளிலும் இளைஞர்கள் பைலாவுக்கு ஆடுவது அளவு கடந்துவிட்டதால், "பைலா முதலிய, உடலை வளைக்கும் இசை வகைகள் அனைத்தையும்" தடைசெய்யும் தீர்மானத்தைத் தலைவர் செபமாலையரே முன்மொழிந்தார். ஏகமனதாக நிறைவேறியது. அவர் முன்மொழிந்தால் எங்களுக்கு ஒரே மனதுதான் இருக்கும்.

"ஒரு விதிவிலக்குப் போடவேணும்" என்றார் தலைவர். "மரியதாசின்ர அடக்கத்துக்கு வாசிச்ச அந்தப் பழைய கீதம். அதை எல்லா விசேசத்துக்கும் வாசிக்கலாம். வாசிக்கத்தான் வேணும். ரோமாபுரியிலயிருந்து வந்த மெட்டாயிருக்கும்."

சபையில் இருமல் பரவியது. ஒருவர் தண்ணீர் குடிக்க வெளியே போனார். செயலாளர் செல்வராசா கூரையைப் பார்த்தார்.

"அதுக்கு என்ன பேர், செயலாளர்?"

"அது... 'வளையாதவர்' எண்டு சொல்லுவினம் ஐயா."

"வளையாதவர். ஆண்டவரைத்தான் சொல்லுது. அப்பிடியே எழுதிக்கொள்ளும்."

செல்வராசா அப்படியே எழுதிக்கொண்டார். மரியாதை என்பது இதுதான்.

அதற்குப் பிறகு வந்த ஆனி மாதத்தில் யாக்கோப்பர் குடும்பத்துக்கு ஒரு சோதனை வந்தது. பிறின்சி ஒருவரை விரும்புகிறாள் என்றும், அவளுக்கு அவரைத் தவிர வேறு எண்ணம் இல்லை என்றும் பிலோமினா குசினியிலிருந்து வந்து சொன்னார்.

"ஆர் பெடியன்?"

"ஜெனோசன்."

செபமாலையரின் நெஞ்சு ஒரு படி ஏறியது. முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"ஆர் ஜெனோசன்?" என்று கேட்டார், அவனுடைய கன்னம் எந்தச் சுரத்துக்கு எவ்வளவு உப்பும் என்று வன்னியில் அறிந்த ஒரே மனிதர்.

"மரியதாசின்ர தங்கச்சி மோன். வள்ளங்களுக்கு எஞ்சின் திருத்துறவன். பாண்டிலயும் ஊதுறவன்."

கலியாணப் பேச்சுக்காலுக்கு ஜெனோசனும், விதவையான தாயும், பாண்ட் குழுத் தலைவனும் பெரிய மேளம் அடிப்பவனுமான றொமேசும் வந்தார்கள். எதிரியின் வீட்டுப் பெடியன் என்று மறுக்க வழியில்லை. மரியதாசுக்காக ஊரறியக் கண்ணீர் விட்டவர், அதற்காகப் பிரசங்கத்தில் பெயர் வாங்கியவர், மரியதாசின் மருமகனை எப்படி வேண்டாமென்பார்? ஆனால் எதையாவது மறுக்காமல் பெண் கொடுத்த பழக்கமும் அந்தக் குடும்பத்தில் இல்லை.

"பெடியன் நல்லவன். தொழிலும் பிழையில்லை" என்று தொடங்கினார். "ஆனா பாண்ட்."

"பாண்டில என்ன ஐயா?" என்று றொமேஸ் கேட்டான்.

"கலியாணத்துக்குப் பாண்ட் பிடிக்கலாம் தம்பி. பாண்டுக்குள்ளயிருந்து மாப்பிளை பிடிக்கேலாது. எங்கட அப்பு யாக்கோப்பர் ஆருக்கு முன்னாலயும் நிண்டு ஊதினதில்லை."

திரைக்குப் பின்னால் பிறின்சியின் வளையல் சத்தம் நின்றது.

தாய் மெதுவாகச் சொன்னார்: "அதுதான் குறையெண்டால் சொல்லுங்கோ ஐயா."

"அதுதான் குறை."

"அப்ப சரி" என்றான் ஜெனோசன். "விட்டிடுறன்."

"எதை?"

"பாண்டை. நாளைக்கே விடுறன் ஐயா. ட்றம்பெற்றைக் கோயில் பெடியளுக்குக் குடுத்திடுறன்."

செபமாலையரின் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பை சாய்ந்தது. முதுகு சாயவில்லை.

"நாளைக்கேயோ?"

"ஓம் ஐயா."

"அவசரப்படக் கூடாது தம்பி. இனி ஆரும் செத்தால் என்ன செய்யிறது?"

"நாங்கள் சமாளிப்பம் ஐயா" என்றான் றொமேஸ், குரலில் கோபத்தோடு. "அந்தப் பாட்டைப் பதிஞ்சு வச்சிருக்கிறம். ஸ்பீக்கரைத் தள்ளுவண்டியில கட்டி இழுத்துக்கொண்டு போகலாம்."

தள்ளுவண்டியில் இழுக்கப்படும் கீதத்தை நினைத்துப் பார்த்துச் செபமாலையர் கண்ணை மூடினார். வந்தவர்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். குடும்ப மானம் காப்பாற்றப்பட்டது. இப்படிக் காப்பாற்றப்பட்டால் அதற்குப் பிறகு வாழ்வது எப்படி என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை.

அன்று பின்னேரமே ஜெனோசன் குழுவின் பக்கத்தில் அறிவித்தல் போட்டான்: குடும்பக் காரணங்களுக்காக விலகுகிறேன், இதுவரை ஆதரித்த அனைவருக்கும் நன்றி. இரங்கல்கள் குவிந்தன. அவற்றுள் மிக நீளமானது லில்லி மலருடையது.

"இது அநியாயம். ஒரு பெண்ணுக்காகக் கலையைத் துறப்பது பேதைமை. அப்படித் துறக்கச் சொன்னவர் அந்தப் பெண்ணின் தகப்பனாக இருந்தால், அவர் ஒரு முழு முட்டாள். குடும்ப மானத்தைத் தலையில் தூக்கி வைத்திருக்கும் இப்படிப்பட்ட கிழவர்களால்தான் நாடு முன்னேறாமல் இருக்கிறது."

அடுத்த நாள் காலை, இடியப்பத்துக்கு முன்னால் இருந்த தகப்பனுக்குப் பிறின்சி அதை உரத்து வாசித்துக் காட்டினாள்.

"ஆரோ லில்லி மலர் எண்டவா உங்களை முழு முட்டாள் எண்டு எழுதியிருக்கிறா, அப்பா."

"அப்பிடியோ" என்றார் செபமாலையர். சம்பலைக் கொஞ்சம் எடுத்தார். "ஆள் படிச்ச மனுசி போல இருக்கு."

"இதுக்கு நூறு பேருக்கு மேல லைக் போட்டிருக்கினம்."

"அவ்வளவு பேரோ? பொதுமக்கள் அபிப்பிராயத்தை நாங்கள் தட்டேலாது பிள்ளை. சனநாயகம் எண்டு ஒண்டு இருக்கு."

பிறின்சி கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிப் பக்கம் போனாள். வாசலில் நின்று திரும்பினாள்.

"லில்லி அக்காவுக்கு நான் நன்றி சொன்னதெண்டு சொல்லிவிடுங்கோ, அப்பா."

செபமாலையர் இடியப்பத்தை மிகக் கவனமாகப் பிய்த்தார்.

அந்தக் கிழமையே குடும்பக் கூட்டம் கூடியது. "பாண்ட் வாத்தியம் என்பது தொழிலாகாது, அது மரித்த ஆன்மாக்களுக்கான ஞானச் சேவை, சேவையை இடைநடுவில் கைவிடுவது பாவம், ஆகவே மேற்படி மாப்பிள்ளை மேற்படி சேவையில் தொடர்ந்து இருக்கவேண்டும் என்ற கண்டிப்பான நிபந்தனையின் பேரில் பெண் கொடுக்கப்படுகிறது" என்று முடிவாயிற்று. விடச் சொன்னதும் நிபந்தனை, விடக்கூடாதென்றதும் நிபந்தனை. யாக்கோப்பர் குடும்பம் எதையும் சும்மா கொடுத்ததில்லை.

கலியாணம் எங்கள் கோயிலில் நடந்தது. பந்தல் கடற்கரை வீதியில். மாப்பிள்ளையின் குழு என்பதால் கடல் ராசாக்கள் முழு உடுப்பில் வந்திருந்தார்கள். அன்றைக்குச் சப்பாத்தும் போட்டிருந்தார்கள். கேக் வெட்டியாயிற்று. வழக்கப்படி செபமாலையர் எழுந்தார். வழக்கப்படி ஒருவர் குடையை எடுத்து நீட்டினார். அவர் குடையை வாங்கவில்லை.

"இண்டைக்கு நான் போகேல்லை. என்ர மகளின்ர கலியாணம். கீதத்தை வாசியுங்கோ."

"எந்தக் கீதம் ஐயா?" என்று கேட்ட றொமேசின் முகத்தில் இரத்தம் இல்லை.

"எந்தக் கீதமோ? வளையாதவர்."

பந்தலில் கரண்டிகள் நின்றன. செயலாளர் செல்வராசா ஓடிவந்தார்.

"ஐயா, கலியாண வீட்டில அது வேண்டாம். செத்தவீட்டு மெட்டெல்லோ."

"எல்லா விசேசத்துக்கும் வாசிக்கலாம் எண்டு நீர்தானே எழுதினனீர்? இவ்வளவு காலமும் வெறும் மெட்டைத்தான் கேட்டனான். இதுக்குச் சொல் இருக்கோ?"

செல்வராசா பந்தல் கூரையைப் பார்த்தார்.

"கேக்கிறன், சொல் இருக்கோ?"

"இருக்குது மாமா" என்றான் மாப்பிள்ளை. அவன் பொய் சொல்லத் தெரியாதவன் என்பது அந்த நேரத்தில் எல்லோருக்கும் பெரிய குறையாகத் தெரிந்தது.

"அப்ப சொல்லோட பாடுங்கோ."

பிறின்சி புருசனைப் பார்த்தாள். பிலோமினா மோதிரத்தைச் சுழற்றினார். தகப்பன் எழுந்து பந்தலை விட்டுப் போனால் அந்த வெட்கத்தோடுதான் தன் வாழ்க்கை தொடங்கும் என்று பெண்ணுக்குத் தெரியும். பாடாமல் விட்டால் அவர் கட்டாயம் போவார், பாடினாலும் போவார். பாடிவிட்டுப் போகட்டும் என்பதுபோல அவள் தலையசைத்தாள். ஜெனோசன் ட்றம்பெற்றை எடுத்தான்.

முதலில் மெதுவாகத்தான் தொடங்கியது. மூன்று படி ஏறி, ஒரு படி இறங்கி. செபமாலையர் கண்ணை மூடினார். ஆனால் கலியாண வீட்டில் மேளக்காரனின் கைக்குப் பழக்கதோசம் உண்டு. இரண்டாவது திருப்பத்தில் றொமேசின் கை தானாகவே வேகம் பிடித்தது. கீதம் சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடத் தொடங்கியது. மெதுவாகப் போனால் செத்தவீடு, விரைவாகப் போனால் பைலா. பந்தலின் பின்வரிசையில், வருடக்கணக்காக வலை இழுக்கும்போது அதைப் பாடிவந்த வாய்கள் தம்மை மறந்தன.

"பனை வளையும் சோளகக் காத்தில,
பாய்மரம் வளையும் வாடையில,
யாக்கோப்பற்ர மோன்ர முதுகு
சாகும் மட்டும் வளையாது.
குனிஞ்சு மீனைப் பொறுக்கமாட்டார்,
மீனே, நீ எழும்பி வா."

மூன்றாம் முறை "எழும்பி வா" என்றபோதுதான் பாடியவர்களுக்குத் தாங்கள் எங்கே நிற்கிறோம் என்று நினைவு வந்தது. பாட்டு ஓரிடத்தில் முறிந்து விழுந்தது. கடல் மட்டும் கேட்டது.

செபமாலையர் கண்ணைத் திறந்தார். கைக்குட்டைகள் அவருடைய நினைவில் ஒவ்வொன்றாக வந்துபோயின. மரியதாசின் பெட்டிக்குப் பின்னால் குலுங்கிய தோள்கள். பாதர் பிரசங்கத்தில் சொன்ன நிந்தனை. சபையின் இருமல்.

"இதைக் கட்டினது ஆர்?"

"மரியதாஸ் மாமா" என்றான் ஜெனோசன்.

"எப்ப?"

"உங்களோட கதை நிண்ட வருசம்."

"ஊரில எல்லாருக்கும் தெரியுமோ?"

ஜெனோசன் நிலத்தைப் பார்த்தான். ஊரும் நிலத்தைப் பார்த்தது.

"எனக்கு மட்டும் ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

செயலாளர் செல்வராசா தொண்டையைச் செருமினார். "உங்களில வச்சிருக்கிற மரியாதையில ஐயா."

செபமாலையர் ஊரை ஒருமுறை பார்த்தார். பிறகு எதிரியை நினைத்தார். கதை நின்ற பிறகும் மரியதாஸ் அவரைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறான். மூன்று படி ஏறி, ஒரு படி இறங்கி, மூச்சு விடுகிற இடம்வரைக்கும் யோசித்திருக்கிறான். ஊருக்குள் அவருக்கு நேர்மையாகச் செய்யப்பட்ட காரியம் அது ஒன்றுதான், செய்தவன் எதிரி.

அவர் வாயைத் திறந்தார். குடையைக் கேட்கப்போகிறார் என்று எல்லோரும் நினைத்தோம்.

"இரண்டாவது திருப்பத்தில ட்றம்பெற் மூச்சு வாங்குது" என்றார். "கவனிக்கவும். திருப்பி வாசி."

றொமேஸ் மேளத்தடியைக் கீழே விட்டான்.

"லில்லி அக்கா?" என்றான்.

செபமாலையர் அப்போது குனிந்துகொண்டிருந்தார். ஊர் முழுவதும் பார்த்திருக்க, யாக்கோப்பர் குடும்பத்து முதுகு, பழைய கதவொன்று திறப்பதுபோலச் சத்தம் போட்டு, பாதி வட்டமாக வளைந்தது. "இஞ்சருங்கோ, முதுகு" என்றார் பிலோமினா. அவர் கேட்கவில்லை. வலது சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்தார். சப்பாத்தைக் கழற்றினார். காலுறையைக் கழற்றினார். நிமிர்ந்தார். ட்றம்பெற் மறுபடி தொடங்கியபோது, கலியாண வீட்டுக்கு வந்த எல்லோரும் பார்க்கும்படி, அவருடைய பெருவிரல் ஆடியது. உடம்பின் மீதிப் பகுதி தேசிய கீதத்துக்கு நிற்பதுபோல நின்றது.

பிறின்சி முழந்தாளிட்டு ஆசீர்வாதம் கேட்டாள். அவர் மறுபடி குனிய முயன்றார், பாதியில் பிடித்துக்கொண்டது. அந்த முறை சிலுவை அரை முழ உயரத்தில் வரையப்பட்டது. அவள் மீதி அரை முழத்தை எழும்பி வாங்கிக்கொண்டாள்.

இவ்வளவும் நல்லபடியாக நடந்தது. ஆனால் ஊருக்கு ஒரு நட்டம் ஏற்பட்டது. செபமாலையர் இப்போது அந்தப் பாட்டைத் தானே பாடுகிறார். கரையில் வலை இழுக்கும்போது வந்து நின்று, எல்லோரையும் விட உரத்த குரலில், "மீனே, நீ எழும்பி வா" என்கிறார். பிழையாகப் பாடுபவர்களைத் திருத்துகிறார். ஒருவரைப் பற்றிய பாட்டை அவரே முன்னுக்கு நின்று பாடினால் மற்றவர்களுக்கு அதில் என்ன மிச்சமிருக்கும்? கொஞ்சம் கொஞ்சமாக நாங்கள் அதை விட்டுவிட்டோம்.

ஆனாலும் எங்கள் ஊரில் மரியாதை குறைந்துவிட்டது என்று எவரும் சொல்ல முடியாது. றொமேஸ் புதிதாக ஒரு பாட்டுக் கட்டியிருக்கிறான். முகநூலில் வாழும் லில்லி என்ற அக்காவுக்கு மீசை இருப்பதைப் பற்றிய பாட்டு. நல்ல பைலா. செபமாலையர் தூரத்தில் வந்தாலே நிறுத்திவிடுவோம். போன கிழமை ஒரு செத்தவீட்டில் கடல் ராசாக்கள் அதைச் சொல்லில்லாமல், மிக மெதுவாக வாசித்தார்கள். முன்வரிசைக் கதிரையில் இருந்த செபமாலையர் உருகிப்போய்க் கண்ணைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தார்.

நாங்களும் எடுத்தோம், வாயைப் பொத்த.